ராமானுஜனின் கேம்பிரிட்ஜ் அறை



பேத்தி மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள். "காலேஜுக்குப் பக்கத்துலயே ரூம் கிடைச்சிருக்கு தாத்தா" என்றாள். எனக்கு ராமானுஜன் ஞாபகம் வந்தது.

1914 ஏப்ரலில் இங்கிலாந்து போன அவரை, கணித ஆசிரியர் நெவில் கேம்பிரிட்ஜில் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். நெவிலின் மனைவியும் பரிவாகப் பார்த்துக்கொண்டார். ஜூனில் ராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவல்ஸ் கோர்ட் அறைக்கு மாறினார். காரணம் நியாயமானதுதான்: ஹார்டியின் அறை அங்கிருந்து சில நிமிட நடை.

ஆனால் கல்லூரிச் சாப்பாடு சைவரான அவருக்கு ஒத்துவரவில்லை. அறையிலேயே தானே சமைத்தார். குளிர் வேறு. கோட்டும் சால்வையும் போர்த்தி நடுங்கிக்கொண்டே படுத்திருக்கிறார். மெத்தையில் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பதே தெரியவில்லை! பார்க்கப்போன மகலனோபிஸ்தான் (அப்போது அவரும் மாணவர்) சொல்லிக்கொடுத்தார்.

1917-இல் நோய். 1920-இல், 32 வயதில், மறைவு. அறை மாறியதால்தான் என்று சொல்ல நான் வைத்தியன் அல்ல. ஆனாலும் நெவில் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பேத்தியிடம் கேட்டேன், "பக்கத்து ரூம்ல யாரும்மா?"

"தெரியலையே தாத்தா. விசாரிக்கிறேன்."