தவறணை என்றால் கள்ளுக்கடை இல்லை

"எங்க அம்மாயி இருபது வருஷத்துக்கு மேல தவறணையில வேலை செஞ்சவங்க" என்று நான் சொன்னதும் விடுதி அறையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பன் திகைத்துப் போனான். "பொம்பிளையளும் தவறணையில வேலை செய்யிறவையோ?" என்று கேட்டான். அவனுடைய ஊரில் தவறணை என்றால் கள் விற்கிற இடம். எங்கள் தோட்டத்தில் தவறணை என்றால் கன்று வளர்க்கிற இடம். சிங்களத்தில் நாற்றுமேடைக்கு 'தவான' என்பார்கள். நம்ம சொல்லுக்கும் அதற்கும் உறவு இருப்பது காதில் விழும்போதே தெரியும். அன்று இரவு முழுக்க அந்த நண்பன் என்னை "தவறணைக்காரியின்ர பேரன்" என்றுதான் கூப்பிட்டான்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று உறைத்தது. அம்மாயி அங்கே என்ன வேலை செய்தார் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதில் வந்தது. தேட வைத்தது ஒரு செத்துப்போன ரம்புட்டான் கன்று.

போன விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பாதையோரம் கன்று விற்கிற ஓர் இடத்தில் ஒட்டு ரம்புட்டான் ஒன்றும் தோடை ஒன்றும் வாங்கினேன். இலையெல்லாம் பளபள என்று இருந்தது. விலையும் பரவாயில்லை. எங்கள் வீடு யட்டியாந்தோட்டைப் பக்கம். லயத்துக்கு முன்னால் நாலு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடுகிற ஒரு துண்டு மண் இருக்கிறது. அம்மாயி கன்றைக் கையில் வாங்கினார். இலையைப் பார்க்கவே இல்லை. பையின் அடியைத்தான் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் கிழித்தார். வேர் உள்ளுக்குள்ளேயே சும்மாடு மாதிரிச் சுற்றிக் கிடந்தது.

"இது பைக்குள்ளயே கெழவியாயிருச்சுடா" என்றார். பிறகு, "எந்த ஊருக் கன்னுன்னு கேட்டியா? தாய் மரம் எங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் ரம்புட்டான் காய்ந்துவிட்டது. தோடை இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

"எந்த ஊருக் கன்னு?" சப்ரகமுவ தோட்டங்களின் முழு வரலாறும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் கலைப்பீடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. காதலர்கள் போகிற இடம், கல்யாணப் படம் எடுக்கிற இடம் என்றுதான் நமக்குத் தெரியும். 1821இல் அலெக்சாண்டர் மூன் அதை அமைத்தபோது அது பார்த்து ரசிப்பதற்காக மட்டும் உருவானதல்ல. பிரித்தானியப் பேரரசின் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்குப் பயிர்களைக் கொண்டுவந்து, இந்த மண்ணில் பிடிக்குமா என்று பார்க்கும் இடம் அது. ஒரு பெரிய தவறணை என்றே சொல்லலாம். அஸ்ஸாம் தேயிலை விதை 1839இலேயே கல்கத்தாவில் இருந்து அங்கே வந்துவிட்டது. ஆனால் அப்போது எல்லோருக்கும் கோப்பிப் பைத்தியம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி போய், தேயிலை வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த வரிசையை எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம்.

நம்ம பகுதியின் கதை இதற்குப் பக்கத்தில் தனியாக ஓடுகிறது. கேகாலையும் இரத்தினபுரியும் நுவரெலியா இல்லை. தாழ்ந்த மலை, கொட்டுகிற மழை, புழுக்கம். இங்கே தேயிலையோடு சேர்ந்து நம்மை ஆண்டது இறப்பர்.

1876இல் ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் காட்டுப் பகுதியில் இருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். இறப்பர் விதை சீக்கிரம் உயிர் விட்டுவிடும். கியூவில் முளைத்தது மூவாயிரம்கூட இல்லை. முளைத்தவற்றில் 1,900க்கும் அதிகமான கன்றுகளைக் கண்ணாடி அடைத்த பெட்டிகளில் வைத்து அதே வருஷம் இலங்கைக்குக் கப்பலில் அனுப்பினார்கள். பேராதனையின் காற்று அதற்கு ஒத்துவராது என்று, கம்பஹாவில் ஹெனரத்கொட என்ற இடத்தில் தாழ்நிலப் பூங்கா ஒன்றைத் திறந்து அங்கே நட்டார்கள். அந்த மரங்கள் பூத்துக் காய்த்த பிறகுதான் இங்கே இறப்பர் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு இறப்பர் தேவைப்பட்டது, விலை ஏறியது. யட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டயிலும் எஹலியகொடயிலும் காடு வெட்டி இறப்பர் நட்டார்கள். களனிவெளி ரயில் பாதை 1912இல் இரத்தினபுரி வரை வந்தது. நட்ட கை, வெட்டிய கை, பால் சுமந்த தலை எல்லாம் கங்காணியின் பின்னால் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுடையது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. வெள்ளைக்காரன் கன்றைக் கண்டபடி கொண்டுவந்து நடவில்லை. பேராதனையில் பிடிக்காததைக் கம்பஹாவில் நட்டான். 'அந்த ஊர்க் கன்று இந்த ஊருக்கு ஆகுமா' என்று கேட்டுத்தான் செய்தான். அம்மாயி கேட்ட அதே கேள்வி.

தேயிலையில் இந்தக் கேள்வி இன்னும் நுட்பமாகப் போகிறது. பழைய தோட்டங்களில் இருப்பது விதைத் தேயிலை. விதைக்கென்று விட்ட தேயிலை மரத்தில் இருந்து காய் பொறுக்கி, தண்ணீரில் போட்டு, மூழ்குகிற விதையை மட்டும் எடுத்து முளைக்க வைப்பார்கள். தேயிலை அயல் மகரந்தத்தில் காய்க்கும் செடி. அதனால் ஒரே மரத்து விதையாக இருந்தாலும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்று நன்றாகத் துளிர்க்கும், பக்கத்தில் இருப்பது சோம்பிக் கிடக்கும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. 1930களில் அங்கே தண்டை வெட்டி வேர் பிடிக்க வைக்கிற முறையை ஆராய ஆரம்பித்தார்கள். நல்ல செடி ஒன்றைத் தெரிந்தெடுத்தால் அதன் குச்சியில் இருந்து அச்சு அசலாக அதே செடியை ஆயிரக்கணக்கில் வளர்க்கலாம். இதைத்தான் தோட்டத்தில் 'வீ.பி. தேயிலை' என்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்கம் உண்டு. "ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு" என்று அம்மாயி சொன்னபோது நான் வருஷத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது டி.ஆர்.ஐ. 2025 என்கிற புகழ்பெற்ற தேயிலை வகை.

மலைநாட்டில் நன்றாக வளர்கிற வகை தாழ்நாட்டுச் சூட்டில் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தலவாக்கலையில் தலைமையகம் இருந்தும், தாழ்நாட்டுத் தேயிலைக்கென்று இரத்தினபுரியில் சென் ஜோக்கிம் தோட்டத்தில் தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். இறப்பருக்கு அகலவத்தையில் ஆராய்ச்சி நிறுவனம். பீ.பி. 86 மலேயாவில் இருந்து வந்தது, ஆர்.ஆர்.ஐ.சி. 100 இங்கேயே உருவானது. விதைக் கன்றின் தண்டில் நல்ல மரத்தின் மொட்டை ஒட்டி வளர்க்கிற வேலை அது.

சரி, அம்மாயி என்ன செய்தார்? இந்த முறை உட்கார வைத்துக் கேட்டேன்.

காலையில் பெரட்டு முடிந்ததும் மற்றவர்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவார்கள். தவறணைக்கு ஒரு சின்னக் கூட்டம்தான் போகும். வெயில் ஏறுவதற்கு முன் தாய்ச் செடியில் இருந்து கிளை வெட்டி வரும். உச்சியில் இருக்கிற இளந்தளிரையும் அடியில் இருக்கிற முற்றிய பகுதியையும் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஓர் இலை, இலைக்கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தண்டு. கூரான கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. நசுங்கினால் அழுகிவிடும். வெட்டியதும் தண்ணீரில் போட வேண்டும்.

பைக்கு நிரப்புகிற மண்ணுக்கும் கணக்கு இருக்கிறது. நான் சத்தான கறுப்பு மண் என்று நினைத்தேன். "அது போட்டா அம்புட்டும் கெட்டுரும்" என்றார். புல் நிலத்து அடிமண்ணைச் சலித்துப் போடுவார்களாம். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். புளிப்புக் குறைந்தால் வெட்டிய இடம் வீங்கி நிற்கும், வேர் இறங்காது. குச்சியை நட்ட பிறகு இலை மண்ணில் படக்கூடாது. மேலே பொலித்தீன் கூடாரம், அதற்கு மேல் நிழல். சில மாதத்துக்குப் பிறகு கூடாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நிழலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் கருகிவிடும். ஒரு வருஷம் ஆகும் கன்று மலைக்குப் போக.

"ஒரு நாளைக்கு எத்தனை குச்சி வெட்டுவீங்க அம்மாயி?"

"கணக்குப்புள்ள எண்ணுவாரு. எனக்கெதுக்கு அது? எத்தனை செத்துச்சுன்னுதான் நான் எண்ணுவேன்."

அன்று இரவு இதை நோட்டில் எழுதும்போது கோபம் வந்தது. ஒவ்வொரு தேயிலைக் கன்றுக்கும் இலக்கம் இருக்கிறது. அதன் தாய் எது என்று ஏட்டில் இருக்கிறது. எந்த உயரத்துக்கு எது ஆகும் என்று பட்டியல் இருக்கிறது. அதை நட்டு வளர்த்தவளுக்கு அந்த நாட்டில் ஓர் இலக்கம்கூட இல்லாமல் போன காலம் இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாரும் "இந்த மண்ணுக்கு நீ ஆவியா" என்றுகூடக் கேட்கவில்லை.

அப்படிப் போனவர்களின் கைத்தொழில் வீணாகவில்லை. தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது, இங்கே இருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அதுதான் பிறகு 'டேன்டீ' ஆனது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மலைச் சரிவில் தேயிலை நட்டு வளர்த்ததில் நம்ம ஆட்களின் கையும் உண்டு.

இங்கே மிஞ்சியவர்கள்? 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. தோட்டக் காணி பிரிக்கப்பட்டபோது லயத்து ஆளுக்குப் பங்கு கிடைத்தது அபூர்வம். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்முறை பாய்ந்தது. லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாப் பக்கம் ஓடிப்போய் வறண்ட மண்ணில் புதிதாக ஆரம்பித்தார்கள். மிளகுக்கொடி, கமுகு, பலா என்று வாசலில் நட்டதெல்லாம் அப்படியே கிடந்தது.

இன்று நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிற்றுடைமையாளர்களிடம் இருந்துதான் வருகிறது. நம்ம இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அதில் முக்கியமானவை. ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற கிராமத்துக் குடும்பங்கள் அவை. அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த அரை ஏக்கரும் இல்லை. வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்பதே பெரிய அரசியல் வாக்குறுதியாக இருக்கிற நிலைமை. கன்று வளர்க்கத் தெரிந்தவர்களிடம் நடுவதற்கு நிலம் இல்லை.

இனி, நல்ல கன்று எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். தேயிலை நடப் போகிறீர்கள் என்றால் தேயிலைச் சிற்றுடைமை அபிவிருத்தி அதிகார சபையில் பதிவான தவறணையில் வாங்குங்க. வகையின் இலக்கத்தைக் கேளுங்க. பழக்கன்று என்றால் அம்மாயியின் சட்டம்: தாய் மரம் எங்கே என்று கேள். உங்கள் மலையின் மழையும் சூடும் தெரிந்த பக்கத்து ஊர்க் கன்றைத் தேடு. இலையைப் பார்க்காமல் பையைத் தடவு. பைக்கு வெளியே தடித்த வேர் வந்திருந்தால் வேண்டாம். ஒட்டு இருக்கிற இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா பார். முழு நிழலில் நிற்கிற கன்றை வாங்கினால் உடனே வெயிலில் நடாதே. வியாபாரி பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த இடத்துக்குப் போ.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்க லயத்தில் தவறணையில் வேலை செய்த ஒரு பாட்டி இருப்பார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்க. வரமாட்டேன் என்றால் கன்றைக் கொண்டுவந்து காட்டுங்க.

இந்த முறை நான் கடைக்குப் போகவில்லை. பக்கத்து டிவிஷனில் ஒருவர் வீட்டு ரம்புட்டான் நன்றாகக் காய்க்கும். அந்த மரத்து மொட்டை எடுத்து ஒட்டலாம் என்றார் அம்மாயி. அடிக்கன்றுக்கு விதை போட்டாகிவிட்டது. பை நிரப்பும்போது நான் மண்ணை அழுத்தி அழுத்தி நிரப்பினேன்.

"மெதுவா. மூச்சு விட எடம் குடு" என்றார்.

ஆறு பை நிரப்பினோம். நாலு முளைத்திருக்கிறது. எங்கள் துண்டு மண்ணில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. மிச்சம் மூன்றை எங்கே நடுவது என்றுதான் வீட்டில் இப்போது பேச்சு.