ஒரே கப்பலில் வந்தவர்கள்: ஒரு மாலுமிச் சொல் உறவுமுறையான வரலாறு

பாய்மரக் காலத்து ஆங்கிலேயக் கடற்படையில் ஒரு சொலவடை உண்டு. அதன்படி மாலுமிக்கு முதலில் ‘மெஸ்மேட்’ என்ற பந்தித் தோழன், அடுத்து ‘ஷிப்மேட்’, பிறகு அந்நியர், அதற்கும் பிறகு நாய். நாய்க்கும் கீழே ராணுவச் சிப்பாயை வைத்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். கேலியை விலக்கிப் பார்த்தாலும் ஒரு செய்தி மிஞ்சுகிறது: ஒரே கப்பலில் வேலை செய்பவன் என்பது மாலுமிக்கு இரண்டாம்தர நெருக்கமே.

முதலிடம் பந்திக்குத்தான். பீரங்கிகளுக்கு நடுவே தொங்கவிட்ட பலகையில் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து உண்பார்கள். ஒத்துவராவிட்டால் மாதத்துக்கு ஒருமுறை அனுமதி பெற்று வேறு பந்திக்குப் போகலாம். கட்டாய ஆள்பிடிப்பும் கசையடியும் நிறைந்த அந்த வாழ்க்கையில் மாலுமி தானே தேர்ந்துகொள்ளக்கூடிய வெகு சிலவற்றில் இதுவும் ஒன்று. பங்கீட்டில் சண்டை வராமலிருக்க ஓர் உபாயமும் வைத்திருந்தார்கள். ஒருவர் பங்கைத் தொட்டு ‘இது யாருக்கு?’ என்பார், முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். 1789இல் பவுன்டி கப்பல் கலகத்துக்குப் பின் படகில் இறக்கிவிடப்பட்ட கேப்டன் பிளை, பிடிபட்ட சிறு கடற்பறவையைப் பதினெட்டுப் பங்காக்கி இப்படித்தான் பகிர்ந்தார்.

ஷிப்மேட் அப்படித் தேர்ந்துகொண்ட ஆள் அல்ல. பெரிய போர்க்கப்பலில் ஐந்நூறு, அறுநூறு பேர் இருப்பார்கள். கப்பலின் பணிக்காலம் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். 1853இல் தொடர்பணி முறை வரும்வரை இதுதான் நடைமுறை. கப்பல் கலைந்தால் கூட்டமும் கலைந்தது.

இந்தத் தளர்ந்த சொல்தான் அட்லாண்டிக்கின் மறுகரையில் இரத்த உறவுக்கு நிகரானது. ஒரே அடிமைக் கப்பலில் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஒருவரையொருவர் ‘ஷிப்மேட்’ என்றார்கள். அவர்களுக்குள் உடலுறவு முறைகேடாகக் கருதப்பட்டது. தமிழ் வழக்கில் சொன்னால் பங்காளி முறை: கொள்வினை, கொடுப்பினை கிடையாது. சூரினாமில் ‘சிபி’, ஹெய்ட்டியில் ‘பாத்திமான்’, பிரேசிலில் ‘மலுங்கோ’ என்று இதே உறவுக்குப் பெயர்கள் இருந்ததை மானிடவியலாளர்கள் சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைஸும் எடுத்துக்காட்டினர். புதிய சமூகம் துளிர்த்த முதல் இடங்களில் ஒன்று கப்பலின் அடித்தளம் என்பது அவர்கள் கருத்து.

மாலுமிகளின் பேச்சைக் கேட்டு அடிமைகள் இந்த உறவையே கற்றுக்கொண்டார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் மலுங்கோ ஐரோப்பியச் சொல் அல்ல. மத்திய ஆப்பிரிக்காவின் பாந்து மொழிகளில் படகைக் குறிக்கும் சொல்லோடு அது தொடர்புடையது என்று வரலாற்றாளர் ராபர்ட் ஸ்லெனஸ் நிறுவ முயன்றார். பாத்திமானோ கப்பலுக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வேர்கள் வெவ்வேறு, உறவு ஒன்று. ஆகவே பரவியது சொல் அல்ல, திரும்பத் திரும்ப நேர்ந்தது ஒரே நிலைமை என்று கொள்வதே பொருந்தும்.

அந்த நிலைமை எது? துன்பம் என்பது வழக்கமான விடை. அது போதாது. அடிமைக் கப்பல்களின் மாலுமிகளும் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தாமஸ் கிளார்க்சன் 1787 முதல் பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களில் ஆள்பட்டியல்களைத் தேடிப்பிடித்து அதை நிரூபித்தார். ஆயினும் அவர்களிடையே மணத்தடை கொண்ட உறவுமுறை எதுவும் எழவில்லை. மாலுமிக்குத் திரும்பிப் போக ஒரு கரை இருந்தது; அங்கே தாயோ மனைவியோ, குறைந்தபட்சம் கடன்கொடுத்த சாராயக் கடைக்காரரோ காத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் வந்தவர்களுக்குத் திரும்பும் கரை இல்லை. குலமும் கோத்திரமும் அறுந்த இடத்தில் கப்பலே பூர்வீகம் ஆயிற்று.

டிரினிடாடுக்கு வந்த இந்திய ஒப்பந்தக் கூலிகளின் ‘ஜஹாஜி பாய்’ இதற்கு வலுவூட்டும் சான்று. ஜஹாஜி என்றால் இந்துஸ்தானியில் மாலுமி என்றும் பொருள். அது கடலோடாத உழவர்களின் சொல்லாக மாறி, ‘கப்பல் சகோதரன்’ எனப் பொருள்பட்டது. 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் கப்பல் டிரினிடாடில் முதல் இந்தியத் தொழிலாளரை இறக்கியது. இப்படி வந்த கப்பல்களின் கூட்டாளிகளுக்குள் சாதியும் மதமும் பின்தள்ளப்பட்டன. அவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் மணமுடிப்பதும் தகாததென்று எண்ணப்பட்டது. அடிமைமுறையும் ஒப்பந்தமுறையும் ஒன்றல்ல. ஒப்பந்தக் கூலிகளுக்குச் சட்டப்படி ஊர் திரும்பும் வழி இருந்தது, பலர் திரும்பவும் செய்தார்கள். ஆனால் இந்த உறவுமுறை வேரூன்றியது தங்கிவிட்டவர்களிடம்தான்.

பெண்கள் இந்த வரலாற்றில் பின்னால்தான் நிற்கிறார்கள். ‘பாய்’ என்ற சொல்லே ஆண்பால். அந்தக் குறையைப் பெக்கி மோகனின் ‘ஜஹாஜின்’ நாவல் (2007) தன் பெண்பால் தலைப்பிலேயே எடுத்துக்கொள்கிறது.

1996இல் டிரினிடாட் கலிப்ஸோ பாடகர் பிரதர் மார்வின் ‘ஜஹாஜி பாய்’ என்றே ஒரு பாடலுக்குப் பெயரிட்டு, அந்த உறவை ஆப்பிரிக்க, இந்திய வழியினர் இருவருக்கும் பொதுவாக்கினார். பாராட்டும் குவிந்தது, ஆப்பிரிக்க வழியினர் சிலரிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது. கப்பல்கள் ஓய்ந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த உறவின் பட்டியலில் யார் பெயர் சேரும் என்ற வழக்கு தீரவில்லை.