அட்டைப்பெட்டி வேகம்

பவர்லைன் அடாப்டர் என்று ஒரு சமாசாரம் உண்டு. ஐரோப்பாவில் ஓடிய அளவுக்கு நம் ஊரில் ஓடவில்லை. சோப்பு டப்பா சைஸில் ஜோடியாக வரும். ஒன்றை ரவுட்டர் பக்கத்து பிளக்கில் செருகி, ஒரு கேபிளால் ரவுட்டரோடு கோக்க வேண்டும். இன்னொன்றை மாடி ரூம் பிளக்கில் செருகிக் கம்ப்யூட்டரோடு கோக்க வேண்டும். தீர்ந்தது. சுவருக்குள் ஓடும் கரன்ட் ஒயரே இன்டர்நெட்டையும் சுமந்துகொண்டு போய் மாடியில் இறக்கிவிடும். சுவரைத் துளைக்க வேண்டாம், புதிதாக ஒயர் இழுக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 500 என்று போட்டிருப்பார்கள். விநாடிக்கு 500 மெகாபிட். வீட்டில் மாட்டிப் பார்த்தால் 60 வரும். சில வீடுகளில் 20.

அப்படியானால் மீதி எங்கே போகிறது? இதற்கு பதில் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், நூறு வருஷம்.

ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர் என்று ஒருவர். அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். ஒரே கம்பியில் பல சமிக்ஞைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அனுப்பும் வித்தையைக் கண்டுபிடித்தார். 1922ல் நார்த் அமெரிக்கன் கம்பெனி என்ற மின்சார நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் மின்கம்பி வழியாகவே வீடுகளுக்குப் பாட்டு. கரன்ட் வரும் வழியில் கச்சேரியும் வரும். என்ன அருமையான யோசனை!

ஆனால், காற்றில் வந்த ரேடியோ இலவசம். காசு கொடுத்துக் கம்பியில் கேட்க யாருக்கு ஆசை? 1934ல் இந்த வியாபாரத்துக்கு 'மியூசாக்' என்று ஸ்கொயர் புதுப்பெயர் வைத்தார். மியூசிக்கில் பாதி, கோடாக்கில் பாதி. பிறகு அது மின்கம்பியை விட்டுவிட்டு டெலிபோன் கம்பிக்கு மாறி, ஹோட்டல்களுக்குப் பாட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டது. பாட்டு பிழைத்தது, மின்கம்பி பிழைக்கவில்லை.

அடுத்தது 1975. ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன கம்பெனி, எக்ஸ்10 என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பட்டனை அழுத்தினால், கரன்ட் ஒயர் வழியாகவே கட்டளை போய் மாடி விளக்கை அணைக்கும். வேகம்? அமெரிக்க மின்சாரத்தில் விநாடிக்கு 60 பிட். மெகா இல்லை, கிலோ இல்லை. வெறும் பிட். ஒரு விளக்கை அணைக்க முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். சமயத்தில் பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து அணையும். சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் வீடுகள் எல்லாம் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன. உங்கள் வீட்டு ஒயர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

இதை மறந்துவிட்டுப் பெரிதாகக் கனவு கண்ட ஊர், இங்கிலாந்தின் மான்செஸ்டர்.

1997 அக்டோபர். அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த நார்வெப், கனடாவின் நார்டெல் கம்பெனியோடு சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டது. மின்கம்பி வழியே இன்டர்நெட், விநாடிக்கு ஒரு மெகாபிட்! இன்றைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டு மோடம் கீ கீ என்று கத்திவிட்டுக் கொடுத்தது அதிகபட்சம் 56 கிலோபிட். அதைப்போலப் பதினேழு பதினெட்டு மடங்கு. போனும் எங்கேஜ் ஆகாது. பத்திரிகைகள் கொண்டாடின. டெலிபோன் கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. ஓர் ஆரம்பப் பள்ளியில் பரிசோதனையாக இணைப்பும் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வேலை செய்தது. ஊர் முழுக்கப் போட்டால்?

சிக்கல் இதுதான். டெலிபோன் கம்பியைச் ஜோடியாக முறுக்கியிருப்பார்கள். கேபிள் டிவி ஒயருக்கு மேலே உறை உண்டு. இரண்டுமே சமிக்ஞை வெளியே சிந்தாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. மின்கம்பிக்கு அப்படி எதுவும் கிடையாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் போவதற்காகப் போட்ட கம்பியில் லட்சக்கணக்கான ஹெர்ட்ஸில் சமிக்ஞையைத் திணித்தால், அது ஆன்டெனாவாக மாறிவிடும். தெருவிளக்குக் கம்பங்கள்கூட அதற்குத் தோதான உயரத்தில் நின்று ஒலிபரப்பின என்று ரேடியோக்காரர்கள் வட்டாரத்தில் இன்றும் கதை சொல்வார்கள். சிற்றலை கேட்பவர்களுக்கும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கும் எரிச்சல் வராமல் இருக்குமா?

சரி, அலறாமல் மெதுவாகப் பேசட்டுமே என்பீர்கள். மெதுவாகப் பேசினால் தூரம் போகாது, வேகமும் விழும். இந்தப் பிடியிலிருந்து தப்பவே முடியாது. 1999 செப்டம்பரில் கடையைச் சாத்தினார்கள். வியாபாரம் கட்டுபடியாகாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

யாராவது பாடம் படித்தார்களா? ம்ஹும். ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனம் 2001ல் ஆரம்பித்து 2002லேயே நிறுத்தியது. அமெரிக்காவில் மனாசஸ் என்ற ஊர் 2005ல் ஊர் முழுக்கப் போட்டு, 2010ல் கைகழுவியது.

தெருவில் தோற்றது வீட்டுக்குள் வந்தது. 2000ல் பல கம்பெனிகள் கூடி ஹோம்பிளக் என்ற கூட்டணி அமைத்தன. தூரம் குறைவு, ஒரே வீடு, ஆகவே ஓரளவு நடக்கும். 2001ல் வந்த முதல் தரத்தின் அட்டைப்பெட்டி வேகம் 14 மெகாபிட். கையில் கிடைத்தது ஐந்து, ஆறு. 2005ல் 200 என்றார்கள். நல்ல வயரிங் உள்ள வீட்டில் 60, 80 கிடைத்தது. அதன் பிறகு 500, 1200, 2000 என்று நம்பர் ஏறிக்கொண்டே போனது. 1200 பெட்டி வாங்கியவர், நல்ல வீடாக இருந்தால் 200, 300 பார்த்தார். பழைய வீடாக இருந்தால் 100ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் இருப்பது மொத்த விற்பனை. உங்கள் கைக்கு வருவது நிகர லாபம். நடுவில் செலவுக் கணக்கு இருக்கிறது. போவதும் வருவதும் ஒரே கம்பியில் மாறி மாறித்தான் நடக்க வேண்டும். தவறாகப் போய்ச் சேர்ந்ததைத் திருத்தக் கூடுதலாகக் கொஞ்சம் அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கழிப்பதற்கு முன்னால் உள்ள தொகையைத்தான் பெட்டியில் அச்சடித்தார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஆனால் இன்னொரு விஷயத்தை என்னால் மன்னிக்க முடியாது. 200, 500 என்று போட்டு விற்ற பல அடாப்டர்களில் கம்ப்யூட்டருக்குக் கேபிள் செருகும் ஓட்டை இருக்கிறதே, அது 100 மெகாபிட் ஓட்டை! உள்ளே எவ்வளவு வேகமாக ஓடினாலும் 100க்கு மேல் வெளியே வரவே வழியில்லை. இரண்டு இஞ்ச் குழாய் என்று விற்றுவிட்டு அரை இஞ்ச் திருகை மாட்டிக்கொடுத்த கதை.

மிச்சத்தை உங்கள் வீடே சாப்பிட்டுவிடும். மிக்ஸி ஓடினால் இரைச்சல். மட்டமான செல்போன் சார்ஜர் ஓயாத இரைச்சல். ஸ்பைக் பஸ்டரில் அடாப்டரைச் செருகினால், அது கரன்ட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சமிக்ஞையையும் சேர்த்து விழுங்கும். மூன்று பேஸ் வீட்டில் ஹால் ஒரு பேஸிலும் மாடி வேறு பேஸிலும் இருந்தால், சமிக்ஞை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். தாவும், நொண்டிக்கொண்டு. ஆகவே யாராவது இதை வாங்கப்போவதாகச் சொன்னால், நேரே சுவர் பிளக்கில் செருகச் சொல்லுங்கள். சாயங்காலம், வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லா அடாப்டரும் நன்றாகத்தான் ஓடும்.

வேடிக்கை என்னவென்றால், வேகத்துக்கு ஆசைப்படாத இடத்தில் மின்கம்பி ஜம்மென்று வேலை பார்த்திருக்கிறது. உயர் அழுத்தக் கம்பிகளிலேயே துணை மின்நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை ரொம்பப் பழசு, நம் நாட்டிலும் உண்டு. இத்தாலியின் எனெல் நிறுவனம் 2001 வாக்கில் தொடங்கி மூன்று கோடி வீடுகளில் புது மீட்டர் மாட்டி, மின்கம்பி வழியாகவே ரீடிங் எடுத்தது. மீட்டர் ரீடிங்குக்கு எதற்கு மெகாபிட்?

அந்த ஹோம்பிளக் கூட்டணி 2016ல் கலைந்துபோனது. ஆனால் அதன் ஒரு குழந்தை இன்னும் ஊர் சுற்றுகிறது. சிசிஎஸ் வகை வேக சார்ஜரில் மின்சாரக் காரைச் செருகும்போது, காரும் சார்ஜரும் எவ்வளவு கரன்ட் வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள்ளும் அல்லவா? அது ஹோம்பிளக் கிரீன் பை என்ற பாஷை. உச்ச வேகம் 10 மெகாபிட்தான். அந்தப் பேச்சும் கரன்ட் போகும் தடித்த கம்பியில் நடக்கவில்லை. அதற்கென்று பக்கத்திலேயே ஒரு மெல்லிய ஒயரைத் தனியாகப் போட்டுவிட்டார்கள்.