பூனையும் இன்சுலினும் கடிகாரமும்

இரவு எட்டு மணி. ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. நீரிழிவு கண்ட பூனையோ தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. இப்போது ஊசி போடுவதா, வேண்டாமா? போட்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து பூனை மயங்கி விழலாம். போடாவிட்டால் ஏற்கெனவே மிகுந்துள்ள சர்க்கரை மேலும் ஏறும். மருந்துக்கும் உணவுக்கும் இடையேயுள்ள இந்தச் சிக்கல் இன்சுலினோடு கூடவே பிறந்தது. அதன் வரலாறு சுவையானது.

1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. அந்நீரில் சர்க்கரை மிகுந்திருந்தது. நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு வெளிப்பட்டது.

நீரிழிவு நோயாளிக்கு ஏன் அடங்காப் பசி எடுக்கிறது? வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மதகு திறக்கவில்லை. வயல் காய்கிறது. இரத்தம் வாய்க்கால், தசையும் கொழுப்புத் திசுவும் வயல், மதகைத் திறக்கும் ஆள் இன்சுலின். அவன் வராதபோது சர்க்கரை சிறுநீரில் வீணாகிறது. உடலோ பட்டினி கிடப்பதாகக் கருதி, இன்னும் உணவு கேட்கிறது. பூனையிலும் இதே கதைதான். நிறையத் தின்றும் இளைக்கும், நிறையக் குடிக்கும், சிலவற்றில் பின்னங்கால்களும் தளர்ந்துவிடும்.

இன்சுலினுக்கு முன்பு அமெரிக்க மருத்துவர் ஆலன் போன்றோர் உணவைக் கடுமையாகக் குறைத்தே நோயாளிகளின் ஆயுளைச் சற்று நீட்டினார்கள். குழந்தைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையச் சாற்றை ஆராய்ந்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் நாள் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பலன் திருப்தியாக இல்லை. காலிப் என்ற உயிர்வேதியியலார் தூய்மைப்படுத்திய சாற்றை ஜனவரி 23இல் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது, சிறுவன் தேறினான்.

ஆனால் அந்த இன்சுலினின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆகவே நாளொன்றுக்குப் பல முறை ஊசி குத்த வேண்டியிருந்தது. ஊசிக்குப் பின் உண்ணத் தவறினால் வியர்வை, நடுக்கம், வலிப்பு. நேற்றுவரை உணவே பகை; இன்று உண்ணாமையே பகை!

டென்மார்க் நாட்டு ஹாகெடார்ன் 1936இல் ஒரு வழி கண்டார். மீன் விந்திலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தார். அந்தக் கலவை தோலுக்கடியில் மெல்ல மெல்லவே கரைந்தது. டொராண்டோவில் ஸ்காட், ஃபிஷர் ஆகியோர் அத்துடன் துத்தநாகத்தையும் சேர்த்தார்கள். வேகம் ஒரு நாளுக்கு மேலும் நீடித்தது. ஆனால் மனிதருக்கு இது நீண்டுவிட்ட குதிரை வால். உணவு வேளைக்கு ஒத்துவரவில்லை. இரவில் சர்க்கரை தாழ்ந்தது. 1946இல் நடுத்தர வேகமுள்ள வேறொரு புரோட்டமின் இன்சுலின் உருவானது. பழையது நாளடைவில் மனித மருத்துவத்தில் வழக்கொழிந்தது.

அந்த ஒதுக்கப்பட்ட மருந்து பூனைக்குக் கைகொடுத்தது. பூனையின் உடல் இன்சுலினை விரைவாகத் தீர்த்துவிடுகிறது. மனிதரிடம் நெடுநேரம் நிற்கும் மருந்து பூனையிடம் ஏறத்தாழ அரை நாளே நிற்கிறது. எனவே 12 மணிக்கு ஒரு முறை ஊசி என்பது வழக்கமாயிற்று. 2009இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புரோட்டமினும் துத்தநாகமும் கலந்த இன்சுலினைப் பூனைகளுக்கென்றே அனுமதித்தது.

கொடுக்கல் மட்டுமன்று, வாங்கலும் உண்டு. நீரிழிவுப் பூனைகளின் கணையத் திட்டுகளில் ஒருவகைப் புரதப் படிவு காணப்படுகிறது. மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவிலும் அதே படிவு உண்டு. 1987இல் ஸ்வீடனின் வெஸ்டர்மார்க் குழுவினர், மனிதக் கணையக் கட்டியையும் நீரிழிவுப் பூனையின் கணையத்தையும் ஆராய்ந்து அப்புரதம் இன்னதென்று விளக்கினார்கள். அதுவே அமிலின். இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் இந்த ஹார்மோன் மூளைக்குப் 'போதும்' என்று சொல்லிப் பசியை அடக்குகிறது. அதைச் சற்று மாற்றிச் செய்த மருந்து 2005இல் மனிதருக்குப் பயன்பாட்டுக்கு வந்தது.

இனித் தட்டருகே நிற்கும் பூனைக்கு வருவோம். பூனை ஊன் உண்ணி. அதன் ஈரல் புரதத்திலிருந்து ஓயாமல் குளுக்கோஸைத் தயாரிக்கிறது. மாவுச்சத்துக் குறைந்த உணவை உண்ணும் பூனைக்கு, உண்டவுடன் சர்க்கரை குபீரென்று ஏறுவதில்லை. எனவே அது சிறிது சிறிதாகப் பல வேளை தின்றாலும் பெரும்பாலும் கெடுதியில்லை. அஞ்ச வேண்டியது அறவே உண்ணாமல் இருப்பதற்கே. அப்போது வழக்கமான முழு அளவைப் போடாமல், கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தள்ளாட்டமோ வலிப்போ கண்டால், விரல் கடிபடாமல் ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

2022இல் அமெரிக்காவில் சில பூனைகளுக்கு மாத்திரையும் வந்துவிட்டது. அங்கும் பூனை உண்ண மறுத்தால் அதை அபாய அறிகுறியாகவே கொள்கிறார்கள். மருந்துகள் மாறினாலும், மருந்துக்கு முன் தட்டைப் பார்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.