செல்லாக்காசின் பெறுமதி

ஊருக்குப் போய்வரும் உறவுகள், பழைய பெட்டகங்களிற் கிடைத்த நாணயத்தாள்களைக் காட்டி, "இது என்ன விலை போகும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பழையன யாவும் விலைமதிப்பற்றவை என்ற எண்ணம் நம்மவரிடையே உண்டு. ஆனால் ஒரு தாளின் பெறுமதியை அதன் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை அச்சாகின என்பதிலும் பார்க்க, எத்தனை எஞ்சியுள்ளன என்பதே முக்கியம்.

1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்ததையடுத்து, இலங்கையில் நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே ஏற்றது. 1942இல், போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டினால் சதங்களும் தாளில் அச்சாகின. அவற்றுள் 5 சதத் தாளை இரண்டாகப் பிரித்து, 2 சதமாகவும் 3 சதமாகவும் செலவிடலாம். பிரிப்பதற்கென்றே அச்சிட்ட அத்தாளைப் பிரியாத நிலையிலே காண்பது சேகரிப்போருக்கு மகிழ்ச்சி. 1950 ஓகஸ்ட் 28இல் மத்திய வங்கி தொடங்கியபின், அப்பணி அதனிடம் சென்றது.

எங்கள் தீவுகளோடு தொடர்புடைய கதை 1970இல் நிகழ்ந்தது. புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற ஊர்களின் வாழ்வு, தென்னிலங்கையிலே கடை நடத்தியோர் அனுப்பிய பணத்திலே பெரிதும் தங்கியிருந்தது. 1970 ஒக்டோபரில், நிதியமைச்சர் கலாநிதி என்.எம். பெரேரா புழக்கத்திலிருந்த 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக அறிவித்தார். வரி கட்டாது பதுக்கிய பணத்தை வெளிக்கொணர்வதே நோக்கம். குறித்த நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்காத தாள் வெறும் கடதாசியாயிற்று. அவ்வாறு தவறவிடப்பட்ட தாள்களைத்தான் சேகரிப்போர் இன்று தேடுகின்றனர். அன்று ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த நட்டமே இன்று ஏலத்தில் விலையாகிறது.

1990-91 இடப்பெயர்வில் தீவக மக்கள் பெட்டகங்களையும் விட்டுச் சென்றனர். ஆதலின், அங்கிருந்து தப்பிவந்த ஒவ்வொரு தாளும் அரிது.

அத்தகைய தாள் கைவசமிருப்போருக்குச் சில வார்த்தைகள். அதைக் கழுவாதீர்கள், மினுக்காதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். மடிப்பில்லாத தாளுக்கும் கசங்கிய தாளுக்கும் விலையிற் பன்மடங்கு வேறுபாடுண்டு. அச்சிட்ட திகதி, தொடரெழுத்து, நிதியமைச்சர், ஆளுநர் ஆகியோரின் கையொப்பங்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, அது யாருடைய பெட்டகத்தில், எந்த ஊரில் இருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். விலைப்பட்டியல் அதற்கு ஒரு சதமும் கூட்டித் தராது. எனினும், எங்கள் ஊர்களின் வரலாற்றை எழுத வருபவனுக்கு வேண்டியது அந்தக் குறிப்புத்தான்.