நோரித் தாள்: சோற்றுச் சுருளும் உறையும்

நோரி என்பது ஜப்பானின் கரையோரப் பாறைகளைப் பற்றி வளரும் செம்பாசி வகை. கி.பி. 701ஆம் ஆண்டின் தைஹோ சட்டத்தொகுப்பு, வரியாகச் செலுத்தக்கூடிய கடற்பொருள்களில் இதையும் சேர்த்தது. ஆனால் அது தாளாக மாறியது எதோ காலத்தில்தான் (1603-1868).

எதோ நகரம் இன்றைய டோக்கியோ. அதன் விரிகுடாவில் ஆழம் குறைந்த இடங்களில் மரக்கிளைகளை நட்டு, அவற்றில் படரும் பாசியை மக்கள் அறுவடை செய்தனர். அசாகுசா வட்டாரத்தில் காகிதம் செய்யும் தொழிலும் நடந்துவந்தது. பாசியைப் பொடியாக நறுக்கி, நன்னீரில் கலக்கி, பாய் மேல் ஊற்றிக் காயவைக்கும் முறை அந்தத் தொழிலிலிருந்தே வந்ததாகக் கருதப்படுகிறது.

தாள் கிடைத்த பிறகே சோற்றைச் சுருட்ட வழி பிறந்தது. 18ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்கள் சுருள் சூஷியை விவரிக்கின்றன: மூங்கில் பாயில் நோரியை விரித்து, சோற்றைப் பரப்பி, உள்ளீட்டை வைத்து இறுகச் சுருட்ட வேண்டும். இனிப்பும் உப்புமாக வேகவைத்த சுரைக்காய் வற்றலை நடுவில் வைப்பது எதோ நகரின் வழக்கம். 1869இல் யாமாமோதோ நோரிக்கடை, சுவையூட்டிய நோரியை அறிமுகப்படுத்தியது. அது சோறில்லாமலும் தின்னும் பண்டம்.

பாசி கோடையில் எங்கே மறைகிறது என்பது நெடுங்காலம் தெரியாததால் விளைச்சல் நிலையற்றிருந்தது. அது சிப்பி ஓடுகளுக்குள் நுண்ணிழையாக வாழ்வதை 1949இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர் வெளியிட்டார். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக்கொண்டு சிப்பி ஓடுகளில் விதைப்பாசி வளர்த்து வலைகளில் ஏற்றினர். விளைச்சல் பெருகி, நோரி அன்றாட உணவானது.

வாட்டிய நோரி காற்றின் ஈரத்தை விரைவில் இழுத்து நமத்துவிடும். அதனால் முன்பு இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாக்களில் அடைத்தனர்; பின்னர் ஈரம் புகாத உறைகளும், ஈரம் உறிஞ்சும் சுட்ட சுண்ணாம்பு அல்லது சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வந்தன. எள்ளெண்ணெயும் உப்பும் தடவி வாட்டிய கொரியக் 'கிம்' நொறுக்குத்தீனிக்கு ஒளியும் பகை. பட்டால் எண்ணெய் சிக்கடிக்கும். அதனால் அதை உலோகப் பூச்சு உறையில் அடைக்கின்றனர்.

சோற்றோடு விற்கும்போது சிக்கல் இரட்டிப்பாகும். சோற்றின் ஈரமே தாளை நனைக்கும். 1978இல் செவன்-இலெவன் ஜப்பான் கடைகள், இரண்டுக்கும் இடையே நெகிழிப் படலம் வைத்த சோற்று உருண்டைகளை விற்கத் தொடங்கின. உண்பவர் அந்தப் படலத்தை உருவிய பிறகே நோரி சோற்றைத் தொடும், மொறுமொறுப்பும் குறையாது.