கட்டையில் பதியாத பாதை

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், 1842-இல் தோன்றிய ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’, 1869-இல் தோன்றிய ‘கிராபிக்’ போன்ற லண்டன் சித்திர வார இதழ்கள், இலங்கைக் கோப்பித் தோட்ட வாழ்வை மரச்செதுக்குப் படங்களாக வெளியிட்டன. சிறு மரத்துண்டுகளைப் பூட்டி ஒரு பெருங்கட்டை ஆக்குவர். அவசரமெனில் அவற்றைக் கழற்றி, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்குவர். அச்செதுக்குத் தொழிலாளருள் பலரின் பெயர் படத்தில் இல்லை. படத்திலே கோப்பிப்பழம் பறிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் பெயர் இல்லை.

அவன் வந்த பாதையும் அதில் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தோர் ஆயிரமாயிரம் பேர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1880-இல் மாத்தளைக்கு இரயில் வந்தது. ஆனால் 1869-இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அப்போதே அழிந்துகொண்டிருந்தது. தேயிலை வந்தது, உழைப்பவன் மாறவில்லை.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவன் சந்ததியிடம் தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பெயரற்ற உருவம் எங்ஙனம் சான்றாகும்? நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

ஆசிரியர்களே, இத்தகைய படத்தை வகுப்பில் காட்டுங்கால், சட்டகத்தின் வெளியே நிற்போரையும் மாணவர்க்குக் காட்டுங்கள்.